ஹெரால்டா, ஃபியட்டா? பாட்டி ஏறிப் பார்த்த கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. காபியைக் கலந்து வைத்துக்கொண்டு படியுங்கள். அவசரக்காரர்கள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு படித்தாலும் தப்பில்லை.

என்னிடம் ஆறாம் வகுப்பு படித்த ஒரு பையன் இப்போது மெல்போர்னில் இருக்கிறான். பையன் என்கிறேன், அவனுக்கே காதோரம் நரைத்துவிட்டது. கணக்கில் கெட்டிக்காரன். தமிழ்க் கட்டுரை என்றால் மட்டும் பக்கத்துப் பெஞ்சு நோட்டை எட்டிப் பார்ப்பான். போன வாரம் வாட்ஸ்அப்பில் இரண்டு படங்கள் அனுப்பினான். இரண்டிலும் வெள்ளையாக, சக்கரம் வைத்த பெட்டி மாதிரி ஒரு வண்டி. "டீச்சர், முதல் முதலா கேரவன் வாங்கப் போறோம். ரெண்டும் ஒரே நீளம், கிட்டத்தட்ட ஒரே விலை. எனக்கு இது பிடிச்சிருக்கு, அவளுக்கு அது. மூணு வாரமா வீட்ல இதே பேச்சு. ஜனவரில அம்மா வர்றாங்க, அதுக்குள்ள எடுத்தாகணும். நீங்க சொல்லுங்க, எது?"

கேரவன் என்றதும் நமக்கு ஷூட்டிங்கில் நடிகர்கள் ஏசி போட்டு உட்கார்ந்திருக்கும் பஸ்தான் நினைவுக்கு வரும். இது அது இல்லையாம். இதற்கு என்ஜின் கிடையாது. சொந்தக் காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டும். உள்ளே கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, சின்னக் குளியலறை எல்லாம் உண்டு. போகிற ஊரில் நிறுத்தினால் அதுதான் வீடு. நான் இந்த ஜன்மத்தில் அப்படி ஒன்றில் ஏறியதில்லை. என்னைப் போய்க் கேட்கிறானே என்று சிரிப்பு வந்தது. அப்புறம் யோசித்தேன். இதே பஞ்சாயத்து எங்கள் வீட்டில் 1970இல் நடந்திருக்கிறது. தீர்ப்புச் சொன்னது எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டி.

அந்தக் கதைக்குள் போவதற்கு முன் காலத்தைச் சொல்லிவிடுகிறேன். இன்று கார் வாங்கப் போனால் ஷோரூமில் நாற்பது வண்டி காட்டுகிறார்கள். அன்று இந்தியா முழுமைக்கும் மூன்றே கார்தான். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் பிர்லா குழுமம் செய்த அம்பாசிடர், பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி செய்த ஃபியட், நம் மெட்ராஸில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

மெட்ராஸுக்கும் வண்டிக்கும் பழைய உறவு. மவுண்ட் ரோடு சிம்ப்சன் கம்பெனி 1840இல் தொடங்கியது, குதிரை வண்டி காலத்து நிறுவனம். அங்கே சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் 1903இல் நீராவியில் ஓடும் ஒரு காரையே செய்து ஓட்டினார். சுதந்திரம் வந்ததும் 1948இல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் தொடங்கி, ஆஸ்டின் கார்களைப் பூட்டி விற்றார்கள். 1955இல் அதுதான் அசோக் லேலண்ட் ஆகி லாரிக்கும் பஸ்ஸுக்கும் போய்விட்டது. கிட்டத்தட்ட அதே காலத்தில் பிறந்ததுதான் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ். தாம்பரம் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் பெருங்களத்தூர்ப் பக்கம் அதன் தொழிற்சாலை இருந்தது. இங்கிலாந்து கவென்ட்ரியில் இருந்த ஸ்டாண்டர்டு கம்பெனியின் வான்கார்டு, எய்ட், டென் எல்லாம் இங்கே உருவாகின.

அந்நாளில் வெளிநாட்டுக் கம்பெனிகளும் இங்கே பாகங்களை இறக்கிப் பூட்டி விற்றுக்கொண்டிருந்தன. 1953இல் டாரிஃப் கமிஷன், இங்கேயே உற்பத்தி செய்யும் திட்டம் உள்ளவர்களுக்கு மட்டும்தான் இடம் என்று பரிந்துரைத்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டிவிட்டன. மிஞ்சியவர்களில் சொந்தக் காருக்கு இந்த மூவர்தான். எத்தனை செய்யலாம் என்பதற்கு லைசென்ஸ், எப்படி விற்கலாம் என்பதற்கு 1959இல் ஒரு கட்டுப்பாட்டு ஆணை. 1969இல் இந்த மூன்று காருக்கும் அரசாங்கமே விலை வைத்தது. கம்பெனிகள் உச்ச நீதிமன்றம் வரை போய் வழக்காடின. காரின் நியாய விலை என்ன என்று நீதிபதிகள் கணக்குப் போட்ட காலம் அது! ஃபியட்டுக்குப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருப்பார்கள். அதனால் பழைய ஃபியட்டுக்கு அநியாயத்துக்குக் கிராக்கி.

அம்பாசிடர் பெரிய வண்டி. ஆபீசர்கள், மந்திரிகள், டாக்சிக்காரர்கள் அதற்குப் போவார்கள். நடுத்தரக் குடும்பத்துக்கு ஃபியட்டா ஹெரால்டா என்பதே கேள்வி. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. ஃபியட் என்ஜின் 1089 சி.சி., ஹெரால்டு 948 சி.சி. இரண்டும் வெளிநாட்டுப் பிறவிகள். சொல்லப்போனால் இரண்டுக்குமே இத்தாலி ரத்தம் உண்டு. ஃபியட் அந்த நாட்டு வண்டியே. ஹெரால்டு ஆங்கிலேயர் வண்டியானாலும் அதன் உருவத்தை வரைந்தவர் ஜியோவன்னி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். 1959இல் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஹெரால்டு என்று வந்து, 1961இல் மெட்ராஸில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆனது.

எங்கள் பெரியப்பா மந்தைவெளியில் சின்னதாக ஒரு அச்சகம் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, பில் புக், கோயில் நோட்டீஸ். நாங்கள், பெரியப்பா குடும்பம், பாட்டி எல்லாரும் ஒரே வீடு. மந்தை மேய்ந்த வெளி என்பதால் மந்தைவெளி என்பார்கள். என் சின்ன வயதில் அந்தப் பெயருக்குச் சாட்சியாக எங்கள் தெருவிலேயே நாலைந்து மாடு கட்டியிருந்தார்கள். பாட்டிக்கு எழுபது தாண்டி முழங்கால் இரண்டும் வீங்கிக்கொள்ளும். பிறந்த ஊர் கும்பகோணத்துக்குப் பக்கம். "கண்ணை மூடறதுக்குள்ள ஒரு தடவை குலதெய்வத்துக்கு மாவிளக்குப் போட்டுட்டு வந்துடணும்டா" என்று பெரியப்பாவிடம் தினம் ஒரு முறையாவது சொல்வார். பஸ் ஆகாது, குமட்டும். ரயில் பெட்டியின் படி ஏற முடியாது. அச்சகத்துக்குக் காகிதக் கட்டு ஏற்றவும் ஒரு வண்டி வேண்டியிருந்தது. இரண்டையும் சேர்த்து, பழைய கார் ஒன்று வாங்குவது என்று முடிவாயிற்று. கடனும் உண்டு, பெரியம்மாவின் இரட்டை வடச் சங்கிலியும் உண்டு. அந்தச் சங்கிலி விஷயம் எங்களுக்குப் பின்னால்தான் தெரியும்.

இரண்டு வண்டி விலைக்கு வந்தன. ஆழ்வார்ப்பேட்டை டாக்டர் ஒருவரின் ஹெரால்டு, 1965 மாடல், இளம் நீலம். மயிலாப்பூர் வக்கீல் ஒருவரின் ஃபியட் டிலைட், சாம்பல் நிறம். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

பெரியப்பாவுக்கு ஹெரால்டு மேல் காதல். "நம்ம ஊர்ல செஞ்ச வண்டிடா. பம்பாய்க்காரனுக்கு எதுக்குக் காசு குடுக்கணும்?" என்பார். வண்டியின் அழகும் அப்படி. முன்பக்க மூடி மட்டும் தனியாகத் திறக்காது. விளக்கு, மட்கார்டு எல்லாம் சேர்ந்து முகம் முழுக்க முன்னால் கவிழும். மெக்கானிக் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு என்ஜினைப் பார்க்கலாம். அதைவிட, 25 அடி இடம் இருந்தால் போதும், வட்டமடித்துத் திரும்பிவிடும். எங்கள் தெரு அகலத்துக்கு அது எவ்வளவு பெரிய வரம் என்பது மந்தைவெளிக்காரர்களுக்குத் தெரியும்.

அதன் பின்னால் ஒரு கதை உண்டு. அந்தக் காலத்தில் மற்ற கம்பெனிகள் காரின் உடலையே ஒற்றைக் கூடாகச் செய்யத் தொடங்கிவிட்டன. ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு உடல் செய்து கொடுத்த ஃபிஷர் அண்டு லட்லோ நிறுவனத்தை 1953இல் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே இடத்தில் செய்ய ஆளில்லை. சரி, அடியில் பழைய முறைப்படி இரும்புச் சட்டம், மேலே துண்டு துண்டாகச் செய்த பாகங்களை போல்ட் போட்டு முடுக்கலாம் என்று போனார்கள். வேறு வழியில்லாமல் செய்தது, தூரதேசத்துக்குப் பெட்டியில் அனுப்பி அங்கே பூட்டிக்கொள்ள வசதியாகப் போய்விட்டது. அப்படித்தான் அது பெருங்களத்தூருக்கும் வந்தது. வாழ்க்கையில் சில நல்லது இப்படித்தான் நடக்கிறது.

ஃபியட் பக்கம் அப்பா நின்றார். அவருக்குக் காரணம் ஒன்றே ஒன்று. ஃபியட்டின் கியர் ஸ்டியரிங்குக்குக் கீழே கையோடு இருக்கும். தரை காலி. முன் சீட்டு நீளப் பெஞ்சு. டிரைவரோடு மூன்று பேர் உட்காரலாம். எங்கள் வீட்டில் தலை எண்ணினால் பெரியவர், குழந்தை சேர்த்து ஒன்பது. ஹெரால்டில் கியர் தரையில் முளைத்திருக்கும்.

அண்ணனுக்கும் தம்பிக்கும் இரண்டு வாரம் இதே வழக்கு. பெரியப்பா எதிரே அப்பா நின்று பேசமாட்டார். பெரியம்மா மூலமாகச் சொல்லி அனுப்புவார். அவர் பதிலை அம்மா மூலமாகச் சொல்லி அனுப்புவார். நாங்கள் குழந்தைகள் தூது.

கடைசியில் தெருமுனை ஷெட்டில் வேலை செய்த மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு வண்டியையும் வாசலுக்கு வரவழைத்தார். என்ஜினைக்கூடத் திறக்கவில்லை. "பெரியவரே, வீட்ல இருக்கிற அத்தினி பேரையும் வெளியே வரச் சொல்லுங்க" என்றார். குழந்தைகள் உட்பட எல்லாரும் வந்து நின்றோம். "காலி வண்டிய எவன் வேணா ஓட்டுவான். ஏறுங்க, பாக்கலாம்."

முதலில் ஹெரால்டு. அதற்கு இரண்டே கதவு. பின் சீட்டுக்குப் போக முன் சீட்டை மடக்கி, குனிந்து, ஒரு காலை உள்ளே வைத்து, உடம்பைத் திருப்பி விழ வேண்டும். எங்களுக்கெல்லாம் கொண்டாட்டம், அணில் மாதிரி பாய்ந்தோம். பாட்டி ஒரு காலை உள்ளே வைத்தார். மறு காலைத் தூக்க முடியவில்லை. தலை கூரையில் இடித்தது. புடவைத் தலைப்பு சீட்டுக் கீலில் மாட்டிக்கொண்டது. முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். பெரியம்மாவும் அம்மாவும் பிடித்து இறக்கினார்கள். மூச்சு வாங்க, "ஏண்டா, இது வண்டியா, அடுக்களைப் பரணா?" என்றார். முன் சீட்டில் உட்காரச் சொன்னோம். "ரோடு மடியில வந்து விழறாப்ல இருக்கு, என்னால ஆகாது" என்றுவிட்டார்.

பாட்டியை விட்டுவிட்டு மற்றவர்கள் உட்கார்ந்தோம். மெக்கானிக் அண்ணன் பின்னால் போய்க் குந்தி, "இங்க வந்து பாருங்க" என்று பெரியப்பாவைக் கூப்பிட்டார். பின் சக்கரம் இரண்டும் அடிப்பக்கம் அகட்டிக்கொண்டு நின்றன, பாரம் தூக்கியவன் காலை விரித்து நிற்பதுபோல. ஹெரால்டின் பின் அச்சு ஒரே தண்டு கிடையாது. நடுவில் மூட்டு வைத்து இரண்டு கையாக ஆடும். ஆள் குறைவாக இருந்தால் சொகுசு. காகிதக் கட்டு ஏற்றினால் காட்டிக்கொடுத்துவிடும். பின்னாளில் அதே கம்பெனி 1972இல் கசல் என்று அந்த வண்டியை மாற்றிக் கொண்டுவந்தபோது நேரான ஒற்றை அச்சையே வைத்தார்கள். மெக்கானிக் அண்ணன் கண்ணுக்குத் தப்பவில்லை பாருங்கள்.

பிறகு ஃபியட். நாலு கதவு. பாட்டி பின் கதவைத் திறந்தார், முதுகைத் திருப்பிக்கொண்டு திண்ணையில் உட்காருவதுபோல் சீட்டில் உட்கார்ந்தார், அப்புறம் ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்து வைத்தார். "இது சரி" என்றார். இரண்டு வாரத்து வழக்கு அதோடு முடிந்தது. பெரியப்பா ஒன்றும் பேசாமல் போய் ஹெரால்டின் மூடியை ஒரு தரம் திறந்து மூடினார். எதற்கென்று தெரியவில்லை.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? இங்கிலாந்தில் கடைசிவரை ஹெரால்டுக்கு நாலு கதவு வைக்கவே இல்லை. நம் பெருங்களத்தூரில்தான், 1960களின் கடைசியில், நாலு கதவு ஹெரால்டு செய்தார்கள். எத்தனை வீட்டுப் பாட்டிகள் அந்த மடக்குச் சீட்டில் சிக்கிக்கொண்டார்களோ, அந்தச் சேதி எப்படியோ தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன். புதிது வாங்கக் காசிருந்தால் பெரியப்பா ஆசைப்பட்டதே வீட்டுக்கு வந்திருக்கும்.

மெல்போர்ன் பையனுக்காக இந்த இழுவை வண்டிகளின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். ஓய்வு பெற்றவளுக்கு வேறென்ன வேலை. படித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அங்கேயும் கதவுதான்!

உல்லாசத்துக்கென்று வீட்டைச் சக்கரத்தில் வைத்தவர்களில் முன்னோடி கார்டன் ஸ்டேபிள்ஸ். பிரிட்டிஷ் கடற்படையில் டாக்டராக இருந்தவர். 1885இல் பிரிஸ்டலில் ஒரு வண்டி செய்யச் சொல்லி, இரண்டு குதிரை பூட்டி, ஸ்காட்லாந்து வரைக்கும் போனார். வண்டிக்கு நாடோடி என்று பொருள்படும் பெயர். அப்புறம் மோட்டார் வந்தது. 1934இல் அமெரிக்காவில் ஹாலி போலஸ் என்பவர் ரோடு சீஃப் என்ற இழுவை வண்டியைக் கொண்டுவந்தார். இவர் கிளைடர் விமானம் செய்கிறவர். லிண்ட்பர்க் தனியாக அட்லாண்டிக்கைத் தாண்டினாரே, அந்த விமானத்தைக் கட்டிய வேலையிலும் இருந்தவர். அதனால் விமானத்தைப் போலவே அலுமினியத் தகட்டை ஆணி அடித்து, மீன் உடம்பு மாதிரி வழுவழுவென்று செய்தார். அழகென்றால் அழகு. வாசலை மட்டும் முன்னால், காரோடு மாட்டும் கம்பிக்கு மேலே வைத்துவிட்டார். வீட்டுக்குள் போக வேண்டுமென்றால் அந்த இழுவைக் கம்பியைத் தாண்டித்தான் ஏற வேண்டும்.

கம்பெனி சீக்கிரமே நொடித்தது. அதே வண்டிகளை விற்றுக்கொண்டிருந்த வாலி பயம் என்பவர் 1936இல் ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர் என்று ஒன்றைக் கொண்டுவந்தார். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி என்பீர்கள். முக்கியமாகக் கண்ணில் படும் மாற்றம், கதவு பக்கவாட்டுக்குப் போயிருந்தது. அந்தக் கம்பெனி இன்றுவரை இருக்கிறது. 1969இல் நிலாவுக்குப் போய் வந்த ஆம்ஸ்ட்ராங் குழுவைத் தொற்று பயத்தால் கப்பலில் ஒரு பெட்டிக்குள் வைத்து, ஜன்னல் வழியாக ஜனாதிபதி நிக்சன் பேசினாரே, வகுப்பில் படம் காட்டியிருக்கிறேனே, அந்தப் பெட்டி ஏர்ஸ்ட்ரீம் வண்டியை மாற்றிச் செய்ததுதான். கதவை மாற்றியதால்தான் ஒருவர் நிலைத்தார், மற்றவர் போனார் என்று நான் சொல்லமாட்டேன். பணம், நிர்வாகம், நேரம் எல்லாம் இருக்கிறது. ஆனால் ஒரு பாட்டி இரண்டிலும் ஏறிப் பார்த்திருந்தால் எதைச் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

நம் நாட்டில் ஏன் இப்படி வீட்டை இழுத்துக்கொண்டு போகும் வழக்கம் வரவில்லை என்று யாராவது கேட்பீர்கள். வழியெல்லாம் சத்திரம் இருந்தது. தஞ்சை சரபோஜி மன்னர் ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் பெயரில் 1802இல் கட்டிய சத்திரம் ஒன்று போதும் உதாரணத்துக்கு. சத்திரம் இல்லாத ஊரில் சொந்தக்காரர் இருப்பார். இல்லாவிட்டால் வண்டியை அவிழ்த்து, மரத்தடியில் கல் கூட்டிச் சமைத்து, வண்டிக்கு அடியிலேயே படுப்பார்கள். கூண்டு வண்டியும் ஒருவகையில் கேரவன்தானே.

அந்த மாட்டு வண்டியில் ஒரு பாடம் இருக்கிறது, மெல்போர்ன் தம்பி கவனமாகப் படி. வண்டிக்காரர் ஆட்களை ஏற்றிவிட்டு, "அம்மா, கொஞ்சம் முன்னால தள்ளி உக்காருங்க" என்றோ "பின்னால போங்க" என்றோ சொல்லாமல் மாட்டைத் தட்டமாட்டார். இரண்டு சக்கரம், நடுவில் ஒரு இருசு. பின்பாரம் ஆனால் ஏர்க்கால் மேலே தூக்கி, கழுத்துக் கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். முன்பாரம் அதிகமானால் நுகத்தடி கழுத்தை அழுத்திப் புண்ணாக்கும். கொஞ்சம் முன்பாரமாக நிற்க வேண்டும், அவ்வளவுதான். உன் இழுவை வண்டிக்கும் இதே கணக்கு. மொத்த எடையில் சுமார் 10 சதவீதம் கொக்கியில் உட்கார வேண்டும் என்று உங்கள் ஊர்க் குறிப்புகளிலேயே இருக்கிறது. பின்பாரமாகிவிட்டால் வேகமாகப் போகும்போது வண்டி வால் ஆட்டத் தொடங்கும். முன்னால் போகிற காரையும் சேர்த்து ஆட்டும். மாடாவது கத்தும், கார் கத்தாது.

அவன் அனுப்பிய அட்டவணையில் இரண்டு எடை இருந்தது. காலி வண்டியின் எடை, சாமானோடு போகக்கூடிய அதிகபட்ச எடை. அவனுக்குப் பிடித்த வண்டியில் இரண்டுக்கும் வித்தியாசம் 400 கிலோ. மனைவிக்குப் பிடித்ததில் 550. இரண்டிலும் 95 லிட்டர் தண்ணீர்த் தொட்டி இரண்டிரண்டு. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, ஆறாம் வகுப்புக் கணக்கு. தொட்டி நிரம்பினாலே 190 கிலோ. மீதி அவனுக்கு 210, அவளுக்கு 360. அதில் படுக்கை, பாத்திரம், கேஸ் சிலிண்டர், வெளியே விரிக்கும் பந்தல், நாற்காலி, குழந்தைகளின் சைக்கிள். கணக்கில் கெட்டிக்காரன் இதை ஏன் போடவில்லை? ஷோரூமில் வண்டி காலியாக நிற்கிறதே, அதனால்தான்.

எங்கள் ஃபியட்டின் முதல் பயணத்தைச் சொல்லாமல் விட்டால் அண்ணன் பிள்ளைகள் கோபித்துக்கொள்வார்கள். 1970 தை மாதம், விடியற்காலை நாலு மணி. முன்னால் மூன்று பேர், மடியில் ஒன்று. பின்னால் நாலு பேர், மடியில் ஒன்று. டிக்கியில் ஜமக்காளம், ஸ்டவ், கூஜா, புளிசாதம், எலுமிச்சை ஊறுகாய், மாவிளக்குக்கு இடித்த மாவு. மெக்கானிக் அண்ணன் வாசலில் நின்று கனமான சாமானையெல்லாம் எடுக்கச் சொல்லி, சீட்டை ஒட்டி முன்தள்ளி அடுக்கிக் கொடுத்தார். திண்டிவனம் தாண்டி, பண்ருட்டிக்கு முன்னால் புளியமரத்தடியில் ஜமக்காளம் விரித்துப் பாட்டியைப் படுக்க வைத்தோம். ரேடியேட்டருக்கு ஒரு முறை தண்ணீர், எங்களுக்கு இரண்டு முறை பன்னீர் சோடா. அணைக்கரைப் பாலத்தில் எதிரே பஸ் வந்து நின்றதும் பெரியப்பா அரை மைல் பின்னாலேயே ஓட்டியதாக இன்றும் குடும்பத்தில் சொல்வார்கள். அரை மைல் இருக்காது.

சாயங்காலம் ஊர் போய்ச் சேர்ந்தோம். கோயில் வாசலில் கார் நின்றதும் பாட்டி யார் கையையும் பிடிக்காமல் இறங்கினார். முதலில் ஒரு கால், பிறகு ஒரு கால். எதிர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி, பாட்டியைச் சின்ன வயதுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எங்கள் யாருக்கும் அந்தப் பெயர் அதுவரை தெரியாது. அடுத்த மாசியில் பாட்டி போய்விட்டார்.

மற்ற கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கசல் 1977வரை வந்தது. 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்று ரோவர் காரின் உடம்போடு ஒரு பெரிய வண்டி கொண்டுவந்தார்கள். உள்ளே இருந்தது பழைய வான்கார்டு காலத்து என்ஜின். அதற்குள் 1983 டிசம்பரில் மாருதி வந்துவிட்டது. ஸ்டாண்டர்டு தாக்குப்பிடிக்கவில்லை. 80களின் இறுதியோடு உற்பத்தி நின்றது. இங்கிலாந்தில் 1963லேயே மறைந்துவிட்ட ஸ்டாண்டர்டு என்ற பெயரைக் கால் நூற்றாண்டு கூடுதலாக உயிரோடு வைத்திருந்தது நம் பெருங்களத்தூர்தான். இப்போது அந்த இடத்தில் கண்ணாடிக் கட்டிடங்கள், ஐ.டி. ஆபீஸ்கள். என் பழைய மாணவர்கள் சிலர் அங்கேயே வேலை பார்க்கிறார்கள், எந்த மண்ணில் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரியாமல். ஃபியட் 1974இல் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறி, இந்த நூற்றாண்டின் தொடக்கம்வரை உற்பத்தியில் இருந்தது. பம்பாய் டாக்சியாக 2023 அக்டோபர் வரை ஓடியது.

பெரியப்பா எங்கள் ஃபியட்டைப் பதின்மூன்று வருஷம் வைத்திருந்தார். ஆனாலும் ராமகிருஷ்ண மட சாலையில் ஹெரால்டு எதுவாவது ஒரே சுற்றில் வட்டமடித்துத் திரும்பினால் நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்வார். "பாத்தியா, எப்படித் திரும்பறான்!"

தம்பிக்கு இவ்வளவையும் குரல் பதிவில் சொன்னேன். ஏழு நிமிஷம். எதை வாங்கு என்று சொல்லவில்லை. அம்மாவுக்குப் போன வருஷம் முழங்கால் ஆபரேஷன் ஆனது எனக்குத் தெரியும், மயிலாப்பூர் மாட வீதியில் பார்க்கும்போது கைத்தடியோடுதான் வருகிறார். "வாசல் படி தரையிலிருந்து எத்தனை அங்குலம், ஏறும்போது பிடித்துக்கொள்ளக் கம்பி எந்தப் பக்கம், ராத்திரி அம்மா எழுந்தால் கட்டிலிலிருந்து கழிவறைக்கு யாரையாவது தாண்டிப் போகணுமா, இதையெல்லாம் அளந்து எழுதி அனுப்பு. உன் மாமியார் அங்கேதானே இருக்கிறார், அவரைக் கூட்டிக்கொண்டு போய் இரண்டிலும் ஏறி இறங்கச் சொல்" என்றேன்.

"சரி டீச்சர், சனிக்கிழமை போறோம்" என்று பதில் போட்டான். கூடவே அவன் மனைவியிடமிருந்து தனியாக ஒரு கும்பிடு பொம்மை வந்தது. அவள் பார்த்த வண்டியில் படி தாழ்வு என்று நினைக்கிறேன்.

உங்கள் வீட்டில் ஹெரால்டு இருந்ததா? பழைய ஆல்பத்தில் படம் இருந்தால் கீழே போடுங்கள். மூடி திறந்த படமாக இருந்தால் இன்னும் சந்தோஷம்.